மருதாயி தேற்றிய உடம்பு

ஐம்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்து, குடுமியான்மலை வட்டாரமே எலும்பும் தோலுமாகத் திரிந்தபோது, மருதாயியின் புருஷன் வீரய்யா மட்டும் கன்னமும் காலும் திரண்டு மினுமினுத்தான். "மருதாயி கைப்பக்குவம்" என்று எல்லாரும் மெச்சினார்கள். அவளுக்கும் உச்சி குளிர்ந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவன் சுவரில் சாய்ந்தே தூங்கியதை யார் கண்டார்கள்?

ஒருநாள் மூச்சு இழுத்துக்கொள்ளவே, வண்டி கட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் அவன் காலை அழுத்தினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"இது சதை இல்லம்மா, தண்ணி. இருதயத்துல பலமில்ல, அதான் தேங்குது."

ஊசி போட்டார்கள். வீரய்யாவுக்கு ஒன்றுக்குப் போய் மாளவில்லை. எடை மளமளவென்று இறங்கியது, மூச்சும் சீரானது. வெகு காலத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினான். "சோத்துல உப்பே கூடாது. கருவாடு, ஊறுகாய் மூச்! உடம்பு மறுபடி ஏறுச்சுன்னா உடனே கூட்டிட்டு வந்துடணும்" என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார்.

தண்ணீர் வடிந்ததும் உள்ளே இருந்த நிஜ உடம்பு தெரிந்தது. மாமியார் காத்தாயி மாரில் அடித்துக்கொண்டாள். "ஆனையாட்டம் இருந்தவன இப்புடி உரிச்ச கோழியாக் கொண்டாந்து விட்டுட்டியேடி!" கிணற்றடியிலும் அதே பேச்சு. புருஷனைப் பட்டினி போடுகிறாளாம். வீரய்யாவும் தட்டைத் தள்ளினான். "இந்த மண்ணைத் திங்கிறதுக்குச் சாகலாம் புள்ள."

எத்தனை நாள் தாங்குவாள், பாவி? கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வழித்துச் சாப்பிட்டான். மறுபடியும் வைத்தாள். கன்னம் திரண்டது. டாக்டர் சொன்னது நெஞ்சில் குத்தத்தான் செய்தது. ஆனால் கிணற்றடி மறுபடி மெச்சியதே! கடலை பிடுங்கி முடியட்டும், கூட்டிப்போவோம் என்று தள்ளிப்போட்டாள்.

பிடுங்கி முடிவதற்குள், உட்கார்ந்த வாக்கிலேயே மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தான் வீரய்யா.

கருமாதி முடிந்த அன்று மருதாயி மாமியாரின் காலைக் கட்டிக்கொண்டாள். "நான்தான் கொன்னுட்டேன் அத்தே. டாக்டரு வேணாம்னாரு. நான்தான் உப்பைப் போட்டேன்."

காத்தாயி அவளைத் தூக்கி நிறுத்தி முகத்தைத் துடைத்துவிட்டாள். "கிறுக்குச் சிறுக்கி, உப்பைத் தின்னு ஆராச்சும் செத்துருக்காகளா? எம்புள்ளைய நல்லாத் தேத்தித்தான்டி அனுப்பிவச்ச."

அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து வருஷம் இருந்தாள் மருதாயி. யார் யாரிடமோ சொல்லிப் பார்த்தாள். அவளைத் திட்ட அந்த ஊரில் ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை.