டவாலி அற்புதசாமியின் இருமல்

அற்புதசாமி திருச்சியில் ஒரு முன்சீப் கோர்ட்டில் இருபத்தோரு வருஷம் டவாலியாக இருந்தார். நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் ஒரு பித்தளை வில்லை. வாசலில் நின்று பெயரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். சாட்சி கூண்டில் ஏறியதும் சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுக்க வேண்டும். "கடவுள் அறிய, நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை" என்று அவர் துண்டு துண்டாகச் சொல்ல, சாட்சி பின்னாலேயே சொல்லி வருவார்.

இதில்தான் சங்கடம். மனிதர் பாலக்கரைக் கத்தோலிக்கர், ஞானோபதேசத்தை வரி தவறாமல் படித்தவர். சர்க்காரிடம் பொய் சொன்னால் அதிகம் போனால் சில வருஷம் ஜெயில். கடவுள் பேரைச் சொல்லிவிட்டுப் பொய் சொன்னால் அது சாவான பாவம். நரகத்தில் விடுதலைத் தேதி கிடையாது. கோர்ட்டுக்கு வருகிற சாட்சிகளோ, வக்கீல் சொல்லிக் கொடுத்ததை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வருகிறவர்கள். இவர்களைக் கைப்பிடித்து நரக வாசல் வரை கொண்டுபோய் விடுகிற வேலை தன் தலையில் விழுந்துவிட்டதே என்று முதல் வருஷம் சோறு தண்ணி சரியாக இறங்கவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்.

பொய் சொல்லப்போகிற ஆள் என்று தோன்றினால், "கடவுள் அறிய" வரும் இடத்தில் இருமிவிடுவார். சாட்சியின் காதுக்குக் கிடைப்பது "நான் சொல்வதெல்லாம் உண்மை" மட்டும்தான். அதில் கடவுள் கிடையாது. எனவே பொய் சர்க்காரோடு போயிற்று, ஆத்துமா தப்பித்தது. யார் பொய் சொல்வார் என்பதை ஆளைப் பார்த்தே தெரிந்துகொள்வார். வேட்டி புதிதாக இருந்தால் அநேகமாகப் பொய்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சாமியாரிடம் சொன்னார். "கடவுளுக்கு என்ன காது மந்தமாய்யா?" என்று கேட்டார் சாமியார். அற்புதசாமி மனம் தளரவில்லை. சாமியார் நிறையப் படித்தவர்தான், ஆனால் கோர்ட் நடைமுறை அவருக்குத் தெரியாது.

வக்கீல்களுக்கு விஷயம் பிடிபட்டிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற ஐயங்கார் வக்கீல் ஒருவர், "ஓய், நீர் இருமிட்டீர்னா எனக்குப் பாதி சிரமம் மிச்சம். எங்கே குடையணும்னு தெரிஞ்சுடறது" என்று வராந்தாவில் நின்று சொல்வார். அற்புதசாமி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சின்ன வயசிலேயே தாய் தகப்பனைக் காலராவுக்குக் கொடுத்த அவரை வளர்த்தது பெரியப்பா அமிர்தசாமி. பெரியப்பாவின் மகன் தைரியராஜ், மகள் சகாயம்மாள், இவர், மூன்று பேரும் ஒரே சட்டிச் சோறு தின்று வளர்ந்தவர்கள். அற்புதசாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், கோர்ட்டில் பார்ப்பதே போதும் என்பார். பெரியப்பா வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் இருந்தார்.

தைரியராஜ் பொன்மலை ஒர்க் ஷாப்பில் பிட்டர். தினப் பூசைக்குத் தவறமாட்டார். மாதா சப்பரத்துக்கு எப்போதும் அவர் தோள்தான் முன்தோள். மாதா படம் தைத்த துணித்துண்டைக் கயிற்றில் கோத்த உத்தரியம் கழுத்தில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதைப் போட்டவர்களை மாதா நரகத்துக்கு விடமாட்டாள் என்பது நம்பிக்கை. இருமல் விஷயம் அவருக்குத் தெரியும். "நல்ல காரியம்டா. எத்தனை ஆத்துமா தப்பிக்குது" என்று பாராட்டியவர்.

ஐம்பத்தேழாம் வருஷம் பெரியப்பாவுக்கு வாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. பத்து நாள் அற்புதசாமிதான் கஞ்சி ஊட்டினார். பதினோராம் நாள் பெரியப்பா கண்ணை மூடினார். மருங்காபுரியில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைப் பறிகொடுத்திருந்த சகாயம்மாள் அடக்கத்துக்கு வந்தவள், திரும்பிப் போக இடமில்லாமல் நின்றாள். கிறிஸ்தவர்களுக்குச் சட்டப்படி மகளுக்கும் சமபங்கு. அப்போதுதான் தைரியராஜ் ஓர் உயிலை எடுத்து நீட்டினார். வீடு முழுக்க மகனுக்கு என்றது உயில். தேதி, சாவுக்கு இரண்டு நாள் முன்பு. கீழே பெரியப்பாவின் கையெழுத்து. நன்றாக இருந்த காலத்தில்கூடப் பெரியப்பா அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

சகாயம்மாள் ஸ்ரீரங்கத்து வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டாள். பிறகு அற்புதசாமியிடம் வந்தாள். "சின்னண்ணே, கஞ்சி ஊட்டினது நீங்க. அப்பாவுக்குக் கை வரலைன்னு நீங்க வந்து சொல்லுங்க."

"நான் கோர்ட்டு ஆளும்மா. கூண்டுக்கு வெளியே நிக்கிறவன்."

அவள் மேலே கேட்கவில்லை. அவர் சொன்னது காரணமும் இல்லை. பின்கட்டு அறை அண்ணன் தயவில் இருந்தது. அண்ணனை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமும் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால் பயம்.

வழக்கு அவருடைய கோர்ட்டுக்கே வந்து சேர்ந்தது. அண்ணன் வழக்கு என்று சொல்லி லீவு கேட்டார். "பிரமாணம் சட்டத்துல இருக்கிறது. உம்ம வாய் வெறும் வாய்தான்" என்று ஹெட் கிளார்க் மறுத்துவிட்டார். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்த ஒர்க் ஷாப்காரர்கள் இரண்டு பேரும் ஒருநாள் புது வேட்டியில் வந்தார்கள். இரண்டு பேருக்கும் அற்புதசாமி இருமினார். ஸ்ரீரங்கத்து வக்கீல் எவ்வளவோ குடைந்து பார்த்தார். ஆனால் கிழவரின் கையை யார் கண்டது? கண்டவர் பட்டையும் வில்லையுமாக அவருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அடுத்த வாய்தா தைரியராஜுடையது. அன்று காலை பூசை முடிந்து வந்தவர், காபி குடித்துக்கொண்டே, "அற்புதம், இன்னைக்கு எனக்கும் இருமிடு" என்றார். உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்பதுபோலத்தான் கேட்டார். அதன்பிறகு எழுந்து, கழுத்து உத்தரியத்தைக் கழற்றி, திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார். அப்படியே கோர்ட்டுக்குப் புறப்பட்டார்.

கூண்டில் ஏறிய அண்ணனின் வெறும் கழுத்தை அற்புதசாமி பார்த்தார். உத்தரியக் கயிறு கிடந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. பெஞ்சில் சகாயம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அற்புதசாமியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறவர்களுக்காகப் பன்னிரண்டு வருஷம் இருமியாயிற்று, அந்தப் பொய்யால் நடுத்தெருவுக்குப் போனவர்களுக்காக ஒரு செருமல்கூடச் செய்ததில்லையே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"கடவுள் அறிய" என்றார். வராந்தா வரைக்கும் கேட்டது.

தைரியராஜ் வாயைத் திறக்கவில்லை. இருமலுக்காகக் காத்திருந்தார்.

"சொல்லுங்க" என்றார் முன்சீப்.

"தம்பிக்குத் தொண்டை சரியில்லீங்க. கொஞ்சம் தண்ணி குடிக்கட்டுங்க."

"அவர் தொண்டை நல்லாத்தானே இருக்கு? நீங்க சொல்லுங்க."

"கடவுள் அறிய" என்றார் அற்புதசாமி மறுபடியும்.

தைரியராஜின் கை கழுத்துக்குப் போயிற்று. அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கடவுள் அறிய" என்றார். மிச்சத்தையும் சொல்லி முடித்தார். அவருடைய வக்கீல் எழுந்து, உயிலில் தகப்பனார் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட்டார் அல்லவா என்று கேட்டார். அதற்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"அப்பாவுக்கு அப்பக் கை வரலீங்க" என்றார் தைரியராஜ்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் வேண்டாம் என்று சகாயம்மாள் சொன்னதால் வழக்கு ராஜியில் முடிந்தது. வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழும்பியது. முன்கட்டு தைரியராஜுக்கு, பின்கட்டும் அற்புதசாமியின் அறையும் சகாயம்மாளுக்கு. அறையில் அற்புதசாமி பழையபடி இருந்தார். அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு நின்றது. பூசையில் ஒருவர் ஆண்கள் பக்கத்து முதல் வரிசையில் என்றால் மற்றவர் கடைசி வரிசையில் நின்றார். அற்புதசாமி அதன்பிறகு கோர்ட்டில் யாருக்கும் இருமவில்லை. அதனால் பொய் குறைந்ததாகவும் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்து வக்கீலுக்குத்தான் வேலை அதிகமாயிற்று.

அறுபத்தாறில் ரிட்டையர் ஆனார். அந்த மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி பிடித்தது. விடாத இருமல். நாலாம் நாள் சாயங்காலம், சுவரில் வழியில்லாததால் தெருவைச் சுற்றிக்கொண்டு, கையில் சொம்போடு தைரியராஜ் பின்கட்டின் சந்து வாசலில் வந்து நின்றார். சகாயம்மாள் முக்காலியை எடுத்துப் போட்டாள்.

"சுக்குக் கஷாயம்" என்றார். உட்கார்ந்தார். சொம்பைத் தம்பியிடம் நீட்டிவிட்டு, "அன்னைக்கு நீ ஒரு தடவை இருமியிருந்தா வீடு முழுக்க எனக்கு" என்றார்.

"ஆமாண்ணே."

தைரியராஜ் சட்டைக்குள் கைவிட்டு உத்தரியத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆனா இதைத் திரும்ப எடுத்துப் போட்டிருக்க மாட்டேன்டா" என்றார். "குடி. ஆறுது."

அற்புதசாமி குடித்தார். மிளகு கொஞ்சம் தூக்கல். இருமல் பொத்துக்கொண்டு வந்தது, நிற்கவே இல்லை.

"இருமு, இருமு. இப்ப நல்லா இருமிக்கோ" என்று அண்ணன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.