மாடியில் எடுத்தது கீழே தெரியக்கூடாது

கேமரா திரையின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி ஓடிக்கொண்டிருந்தது. என் கையில் இருக்கும் கேமராவில் அந்தக் குறி வரவே கூடாது. வந்தால், நான் எடுக்கும் ஒவ்வொரு படமும் அந்த நொடியே கீழ் ஹாலில் இருக்கும் பெரிய டிவிக்குப் போகிறது என்று அர்த்தம். கீழ் ஹாலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் மாடியில் பெண்கள் அறையில் நின்றிருந்தேன். இந்த அறைப் படம் ஒன்றுகூட வெளி ஆண்கள் கண்ணில் படாது என்று பெண்ணின் அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அதிலும் ஒருத்தியின் முகம் மட்டும் கீழே தெரிந்தால் அந்தக் கல்யாணமே நின்றுவிடும்.

எப்படி இந்த வம்பில் மாட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவும்.

சத்தமில்லாத கேமரா

நானும் என் வீட்டுக்காரர் ரவியும் அசோக் நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். கல்யாணம்தான் பிழைப்பு. முஸ்லிம் குடும்பங்கள் எங்களை விரும்பிக் கூப்பிடுவதற்கு என் திறமைதான் காரணம் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். பெண்கள் பக்கம் எடுக்க ஒரு பொம்பளை வேண்டும், அவ்வளவுதான். ரவி கீழே மாப்பிள்ளை பக்கம் எடுப்பார். நான் பெண் பக்கம்.

முன்பு வைத்திருந்த டிஎஸ்எல்ஆர் கேமரா அம்மிக்கல் மாதிரி கனம். அதைத் தூக்கினாலே பெண்கள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல் விறைத்துவிடுவார்கள். உள்ளே கண்ணாடி ஏறி இறங்குகிற 'சடக்' சத்தத்தில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும். வெளிச்சம் போதாது என்று ஃப்ளாஷ் வேறு அடிக்க வேண்டும்.

பிறகுதான் மிரர்லெஸ் வாங்கினோம், ஒரே மாடலில் ஆளுக்கு ஒன்று. உள்ளே கண்ணாடி கிடையாது, அதனால் பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா, கைக்குள் அடங்கும். ஒளியை வாங்கிப் படமாக்குகிற சென்சார் மட்டும் பெரியது, பழைய ஃபிலிம் அளவுக்கு ஃபுல் ஃபிரேம். ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில்கூட மருதாணிச் சிவப்பு அப்படியே வரும். வேண்டிய லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். முதல்முறை அதைப் பார்த்த வடபழனி கஸ்டமர் ஒருவர், "இன்னாம்மா, கல்யாணத்துக்குப் பொம்மை கேமராவா எடுத்தாந்துகீற?" என்று கேட்டார். ஆல்பத்தைப் பார்த்த பிறகு அடுத்த கல்யாணத்துக்கும் எங்களையே கூப்பிட்டார்.

எனக்குப் பிடித்தது அதன் சைலண்ட் ஷட்டர். நான் எடுப்பதே யாருக்கும் தெரியாது. பெண்கள் என்னை மறந்துவிட்டுச் சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், மூக்கைச் சிந்தி அழுதார்கள். எனக்கு ஒரே குஷி. அந்தக் குஷிக்கு ஆப்பு வைத்தவள் ஃபரீதா.

மயிலாப்பூர் பக்கம் ஒரு மண்டபம், பகல் நிக்காஹ். மணப்பெண் சமீனா, இக்பால் பாயின் இளைய மகள். ஃபரீதா மூத்தவள். மண்டபத்தின் பின்படி வழியாக ஏறி வந்தவள், நேராக என்னை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"அக்கா, என்னை மட்டும் எடுக்காதீங்க."

"ஏம்மா, கூடப் பொறந்தவ கல்யாணத்துல அக்கா இல்லாம ஆல்பமா?"

"நான் புருஷன் வீட்டை விட்டு வந்துட்டேன்கா. அடி தாங்கல. அடையாறுல ஹாஸ்டல்ல தங்கி வேலைக்குப் போறேன். அவங்க நான் பெங்களூர்ல இருக்கேன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. அவரோட அண்ணன் கீழதான் உக்காந்திருக்காரு. சொந்தத்துக்குள்ள கட்டினதால கூப்பிடாம இருக்க முடியல. நான் இங்க இருக்கேன்னு தெரிஞ்சா மேல வந்து கையப் புடிச்சி இழுத்துக்கினு போவாரு. என் தங்கச்சி நிக்காஹ் நின்னுடும்."

"எடுக்க மாட்டேம்மா. நிம்மதியா இரு."

அவள் கேமராவையே பார்த்தாள். "இது சத்தமே போடலையேக்கா. நீங்க எடுத்தீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னை நம்பும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? தலையை ஆட்டினாள், ஆனால் நம்பவில்லை. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. என் வாக்கை விட ஒரு 'சடக்' சத்தத்துக்கு மதிப்பு அதிகமா என்று தோன்றியது.

பாடி மாற்றுவது

மிரர்லெஸ்ஸில் ஒரு தொல்லை உண்டு. லென்ஸைக் கழற்றினால் சென்சார் வாய்க்கருகிலேயே திறந்து கிடக்கும். கல்யாண வீட்டில் சாம்பிராணிப் புகை, ஜிகினாத் தூள், பூவிதழ் எல்லாம் பறந்துகொண்டே இருக்கும். ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், அதற்குப் பிறகு எடுக்கிற எல்லாப் படத்திலும் மணப்பெண் கன்னத்தில் ஒரு மச்சம் முளைத்துவிடும். அதனால் மண்டபத்துக்குள் நாங்கள் லென்ஸ் மாற்றுவதில்லை. லென்ஸோடு சேர்த்துக் கேமராவையே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வோம்.

அன்று என்னிடம் 85 எம்எம் லென்ஸ் இருந்தது, தூரத்து முகங்களுக்கானது. ஆனால் அறையில் கூட்டம் நெருக்கியது, பின்னால் நகர இடமில்லை. கிட்டத்திலிருந்தே எல்லாரையும் அடக்குகிற 35 எனக்கு வேண்டும். கீழே ரவிக்கு மேடை எட்டவில்லை, அவருக்கு 85 வேண்டும். இருவரும் மாடிப்படித் திருப்பத்தில் சந்தித்து மாற்றிக்கொண்டோம்.

இரண்டு பாடிக்கும் ஒரே ஒரு வித்தியாசம். கீழே வந்தவர்கள் மாப்பிள்ளைப் படங்களை அப்போதைக்கப்போதே பார்ப்பதற்காக, ரவியின் பாடி வைஃபை வழியாக டிவிக்குப் படம் அனுப்பும். மாற்றும்போதெல்லாம் முதலில் அதை ஆஃப் செய்துவிட்டுத்தான் அவர் என் கையில் கொடுப்பார். அன்று அவர் மெனுவைத் திறக்கும்போதே கீழிருந்து பாய் குரல் கொடுத்தார்.

"ரவி, நிக்காஹ் பண்ணி வெக்கிற ஹஜ்ரத் வந்துட்டாரு! எங்க போயிட்ட?"

ரவி விழுந்தடித்து இறங்கினார். நான் மாடிக்கு ஓடினேன்.

முதலில் சமீனாவின் மருதாணிக் கைகளை எடுத்தேன். பிறகு தட்டுகள், வளையல்கள். அப்போது சமீனா அழ ஆரம்பித்தாள். நான் குறிவைத்தது அவளைத்தான். ஃபரீதா எங்கிருந்தோ வந்து தங்கையின் கண்ணைத் துடைத்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். இந்தக் கேமராக்கள் எதிரில் இருப்பவர் கண் எங்கே இருக்கிறது என்று தாமே தேடிப்பிடிக்கும். திரையில் கண்மேல் உட்கார்ந்திருந்த சின்னச் சதுரம் சமீனாவை விட்டுத் தாவி ஃபரீதாவின் கண்ணில் போய் உட்கார்ந்தது. என் விரல் அதற்குள் அழுத்திவிட்டது.

அப்போதுதான் மூலையில் அந்த அம்புக்குறியைப் பார்த்தேன்.

டிவிக்குக் குளிர்

படம் போனது போனதுதான்; டிவியை அணைக்கச் சொல்ல ரவிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. கேமரா கண்ணில் இருக்கும்போது அந்த மனுஷன் இடி விழுந்தாலும் எடுக்க மாட்டார். படியில் ஓடினேன். ஆண்கள் ஹாலுக்குள் ஒரு பொம்பளை மூச்சிரைக்க வந்து நின்றதும் எல்லாத் தலையும் திரும்பியது. எனக்கு டிவியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

டிவியின் மேல் ஒரு வெள்ளைச் சால்வை கிடந்தது. இக்பால் பாய் அதன் நுனியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தார். முன்வரிசையில் ஒரு தடித்த ஆள், ஃபரீதா சொன்ன அவள் புருஷனின் அண்ணன், கால்மேல் கால் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"இன்னா பாய், டிவிக்குக் குளிருதா?"

"ஏசி காத்து நேரா அடிக்குதுல்ல, அதான் போத்திவுட்டேன்" என்றார் பாய். குரலில் பிசிறே இல்லை. சால்வை நுனியை மட்டும் விடவில்லை.

நான் ஒயரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்தேன். அவரும் குனிந்து கிசுகிசுத்தார். "மருதாணி வெச்ச கை ஒண்ணு வந்திச்சும்மா. மேல எடுக்கிறதுன்னு புரிஞ்சிடுச்சி, ஒடனே மூடிட்டேன். அப்பால இன்னா வந்திச்சின்னு தெரியாது."

சால்வையின் ஓரத்தை லேசாகத் தூக்கினேன். திரை முழுக்க ஃபரீதாவின் முகம். இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குத் துல்லியம். நாலு அடி தள்ளி அந்த அண்ணன்காரர் உட்கார்ந்திருந்தார். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"இன்னா வசந்தி, டிவி ஆஃப் ஆயிட்ச்சா?" என்று ரவி வந்து கேட்டார். என் கேமராத் திரையின் அம்புக்குறியைக் காட்டினேன்; அவரே மெனுவுக்குள் போய் அதை ஆஃப் செய்தார்.

மாடிக்குப் போய் ஃபரீதாவிடம் நடந்ததைச் சொன்னேன். மறைத்திருக்கலாம். ஆனால் ஏற்கெனவே நம்பாத பெண்ணிடம் மறைக்க மனம் வரவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்துட்டாரா?"

"இல்லம்மா. உங்க அத்தா சால்வைய போட்டு மூடிட்டாரு. யாரும் பாக்கல."

கீழே நிக்காஹ் முடிந்து பேரீச்சம்பழம் கொடுக்கிற சந்தடி கேட்கும்வரை அவள் தரையை விட்டு எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மெனுவுக்குள் போய் ஷட்டர் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தேன். ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவள் நிமிர்ந்து லென்ஸ் எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்ப்பாள். தன் பக்கம் இல்லை என்று தெரிந்ததும் தங்கையிடம் திரும்பிக்கொள்வாள். மதியத்துக்குள் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

இன்றைக்கும் பெண்கள் அறையில் நான் சத்தத்தோடுதான் எடுக்கிறேன். கேமரா சின்னது, யாருக்கும் தெரியாது என்பதற்காகத்தான் நாம் அதை வாங்குகிறோம். எதிரில் இருப்பவளுக்கு அதுவேதான் பயம். பாடி கை மாறினால், யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் சரி, மெனுவைப் பார்க்காமல் ஓர் அடிகூட நகராதீர்கள்.

பிறகு ஒருநாள் ஃபரீதா ஸ்டூடியோவுக்கு வந்தாள். அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். மானிட்டரில் போட்டதும் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"நான் இப்படிக்கூட சிரிப்பேனாக்கா?" என்றாள். அழுதாள். "ஒண்ணே ஒண்ணு பேப்பர்ல போட்டுக் குடுங்க. அப்புறம் அழிச்சிடுங்க."

பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தேன். பைக்குள் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் மௌஸில் கை வைத்தேன்.

"அழிஞ்சா சத்தம் வருமாக்கா?"

"வராதும்மா. பக்கத்துல உக்காந்து பாரு, அப்பதான் தெரியும்."

நாற்காலியை என் தோளை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் பாக்க வேணாங்க்கா. நீங்களே அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, பைக்குள் கைவிட்டு அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.