பொட்டு வைத்த லைஃப் ஜாக்கெட்

ஜெயமேரி ஒரு பொருளை நம்ப வேண்டுமென்றால் முதலில் அதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். காரைக்கால் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷம் குடை, பை, பைக் சீட் என்று எதையெல்லாமோ தைத்துக் கொடுத்தவர். குடையின் கம்பி எங்கே ஒடிந்தது என்று பார்ப்பதோடு விடமாட்டார். ஏன் ஒடிந்தது என்று தெரிந்தால்தான் ஊசியையே எடுப்பார். மழையில் நனைந்தபடி வாசலில் நிற்கும் ஆளுக்கு இந்தப் பொறுமை பிடிக்காது. அதைப் பற்றி ஜெயமேரிக்குக் கவலையும் கிடையாது.

அப்படிப்பட்டவரைத்தான் லைஃப் ஜாக்கெட்டுகளைப் பார்த்துக்கொள்ள நீலமேகம் தன் படகுத்துறைக்குக் கூப்பிட்டார். அரசலாற்றில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வரை போய்த் திரும்பும் படகுகள் அவருடையவை. பழைய ஸ்பாஞ்ச் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டால் வியர்க்கிறது, போட்டோவில் குண்டாகத் தெரிகிறது என்று வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். அதனால் காற்றடைத்து உப்பும் ஜாக்கெட்டுகள் வாங்க முடிவு செய்தார். தோளில் பட்டையாகக் கிடக்கும். ஆள் தண்ணீரில் விழுந்தால் உப்பிக்கொள்ளும்.

“கயிறு இழுத்தா உப்புற ரகம் விலை கம்மி. அதையே வாங்கிடலாம்” என்றார் நீலமேகம்.

“விழுந்தவன் தண்ணியக் குடிப்பானா, கயிறத் தேடுவானா? நீச்சல் தெரியாதவங்கதான் நம்ம படகுல ஏறுறது. தானா உப்புறதா வாங்குங்க. சின்னப் புள்ளைங்களுக்கு மட்டும் ஸ்பாஞ்சுதான். அதுல ரெண்டு பேச்சு கெடையாது.”

பன்னிரண்டு வாங்கினார்கள். வந்த அன்றே ஒன்றைப் பிரித்துப் போட்டார் ஜெயமேரி. உள்ளே வாயு அடைத்த சிறு சிலிண்டர், அதன் வாயருகே ஓர் ஊசி, ஊசியைத் தடுத்து நிற்கும் மாத்திரை. தண்ணீர் பட்டால் மாத்திரை கரையும், ஊசி பாயும், பை உப்பும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சின்னக் கண்ணாடி வழியே பச்சை தெரியும். வெடித்துவிட்டால் சிவப்பு. இதைப் புரிந்துகொண்ட பிறகு அவருக்கென்று ஒரு முறை அமைந்தது. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் வாயால் ஊதி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுவார். தொய்ந்தால் ஓரங்கட்டுவார். சிலிண்டரைக் கழற்றி நகைக்கடைத் தராசு போன்ற ஒரு தராசில் வைத்து, அதன் மேல் பொறித்த எடையோடு ஒப்பிடுவார். உப்புக்காற்றில் மாத்திரை ஊறும் என்பதால் தேதி எழுதி மாற்றுவார்.

படகோட்டி செந்தில்குமார் சிரிப்பான். “என்னக்கா, தெனம் எடை போடுறீங்க? பிரசவ ஆஸ்பத்திரியே தோத்துச்சு போங்க!”

“ஒன்னய எடை போட்டாத்தான்டா பயமா இருக்கு. எந்தச் சிலிண்டரும் ஒன்னயத் தூக்காது.”

அந்த வருஷம் நீலமேகம் படகோட்டியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஏறும் புதுப் படகு இறக்கினார். ஆயுத பூஜை முடிந்து வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரி வருவதாக ஏற்பாடு. அனுமதி கிடைத்தால்தான் தீபாவளிக் கூட்டத்துக்குப் படகு ஓடும்.

“இந்த ஜாக்கெட்டால அனுமதி நின்னுச்சுன்னா, பழைய ஸ்பாஞ்சையே எறக்கிடுவேன். அப்புறம் நீங்க குடைக்கே போயிடலாம் மேரிம்மா” என்று சொல்லி வைத்திருந்தார் நீலமேகம். விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தது. விளையாட்டு இல்லை என்று ஜெயமேரிக்குத் தெரியும்.

ஆயுத பூஜையான புதன்கிழமை காலையில் பன்னிரண்டையும் மேசை மேல் வரிசையாக வைத்தார். மேலுறைகளைத் திறந்து, பச்சைக் கண்ணாடிகள் தெரியும்படி அடுக்கினார். அதிகாரி வரும்போது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒத்திகை. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகை ரசித்துக்கொண்டே டீ குடிக்கப் போனதுதான் அவர் செய்த தப்பு.

திரும்பி வருவதற்குள் நீலமேகத்தின் மனைவி சொர்ணாம்பாள் பூஜையைத் தொடங்கிவிட்டார். படகு எஞ்சினுக்குப் பொட்டு, துடுப்புக்குப் பொட்டு, டிக்கெட் பெட்டிக்குப் பொட்டு. ஆயுதமென்றால் எல்லாம் ஆயுதம்தானே? செம்பில் மஞ்சள் நீரை எடுத்து மாவிலையால் தாராளமாகத் தெளித்தார். பிறகு குழைத்த சந்தனத்தைப் பச்சைக் கண்ணாடிகள் மேல் ஒவ்வொன்றாக அப்பினார்.

ஏழாவதில் விரல் வைத்தபோது முதலாவது ‘டப்’ என்று வெடித்து உப்பியது. பொரித் தட்டு பறந்தது. சொர்ணாம்பாள் “ஆத்தாடி!” என்று பின்னால் நகர, மூன்றாவது உப்பிச் சுண்டலைத் தள்ளியது. ஐந்தாவது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஆறாவது.

ஜெயமேரி ஓடிவந்தபோது சொர்ணாம்பாள் மாவிலையைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, அதுல ஏன் தண்ணி தெளிச்சீங்க?”

“தண்ணிக்குள்ள போற சாமானுக்குத் தண்ணி ஆகாதுன்னு எனக்கு எப்புடி மேரி தெரியும்?”

உறையைத் திறந்துபோட்டுவிட்டுப் போனது தானென்பதால் ஜெயமேரி குனிந்து சிதறிய பொரியை அள்ளினார்.

அன்றைக்கே எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்தார். ஈரம் பட்ட மாத்திரைகள் பன்னிரண்டையும் மாற்றினார். அவரிடம் ஒரு டஜன் இருந்தது. வெடித்தது நான்கு; உபரி சிலிண்டர் மூன்றுதான். சென்னையிலிருந்து வர வேண்டும், ஊரெல்லாம் விடுமுறை. ஊதித் தொங்கவிட்டு வியாழன் முழுக்கப் பார்த்ததில் பை எதுவும் தொய்யவில்லை. ஆனால் பதினொன்றுதான் தேறியது.

நீலமேகம் பன்னிரண்டாவதைத் தூக்கிப் பார்த்தார். “மடிச்சு உறைய மூடிட்டா வெளிய தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அப்புறம் என்ன?”

“ஒண்ணுமில்லங்க. நீங்க அதப் போட்டுக்கிட்டு ஆத்துல குதிங்க. நான் மடிச்சுத் தர்றேன்.”

நீலமேகத்துக்கு நீச்சல் தெரியாது. முப்பது வருஷமாகப் படகு வைத்திருப்பவர் இதை வெளியில் சொல்வதில்லை. ஜாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“செந்திலுக்குப் பழைய ஸ்பாஞ்ச் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு கணக்கு சரியா வரும்” என்றார் ஜெயமேரி.

“ஐயோ அக்கா, அதப் போட்டா நான் பறங்கிக்கா மாதிரி இருப்பேன்! நாளைக்கின்னு பாத்து எழில்மதி வீட்டுலேருந்து படகு பாக்க வர்றாங்க.” எழில்மதியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

“முழுகாத மாப்பிள்ளன்னு சந்தோஷப்படுவாங்க. போடுடா.”

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கனத்த மனிதர்; பேச்சு குறைவு. முதல் ஜாக்கெட்டின் உறையைத் திறந்தார். கண்ணாடி சிவப்பாக இருந்தது. இரண்டாவதைத் திறந்தார். சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு.

“எல்லாம் வெடிச்சதா இருக்கே?”

நீலமேகம் ஜெயமேரி பக்கம் திரும்பினார். எட்டு மணிக்கு ஜெயமேரி பார்த்தபோது பதினொன்றும் பச்சை. அப்போதுதான் கதவோரம் நின்ற சொர்ணாம்பாளைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“அன்னைக்கிப் பூஜை அரகொறயா நின்னு போச்சுல்ல? அதான் காலையில வந்து முடிச்சுட்டேன். தண்ணியே தொடல மேரி. வெறும் காஞ்ச குங்குமம்!”

ஜெயமேரி காய்ந்த துணியை எடுத்தார். முதல் கண்ணாடியைத் துடைத்தார். பச்சை. அவசரப்படாமல் அடுத்தது, அதற்கடுத்தது. பதினொன்றும் பச்சையான பிறகு, ஒரு சிலிண்டரைக் கழற்றித் தராசில் வைத்து அதிகாரியிடம் காட்டினார். தேதி எழுதிய அட்டையையும் நீட்டினார்.

“பன்னெண்டாவது?”

“அது வெடிச்சிருச்சுங்க. சிலிண்டர் வரல. அதுக்குப் பதில்தான் அந்தா நிக்குது.”

படகில் செந்தில்குமார் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக நின்றிருந்தான். அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான். கையெழுத்துப் போட்டுவிட்டு, “இந்தக் கண்ணாடி மேல மட்டும் இனிமே ஒண்ணும் வைக்காதீங்கம்மா” என்றார்.

“பொட்டு வைக்காம விட்டா சாமிக்கு ஆகாதுங்களே” என்றார் சொர்ணாம்பாள்.

இதற்கும் ஜெயமேரிதான் வழி கண்டுபிடித்தார். வெடித்த அந்தப் பன்னிரண்டாவதில் இருந்து மாத்திரையையும் காலிச் சிலிண்டரையும் எடுத்துவிட்டார். யாரும் தவறிப்போய் எடுத்து மாட்டிக்கொள்ளாதபடி தோள்பட்டைகளைச் சேர்த்துத் தைத்து மூடினார். நெஞ்சுப் பக்கத்தில் சிவப்பு நூலில் ‘பூஜைக்கு மட்டும்’ என்று எழுத்துத் தைத்து, சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார். மற்ற பதினொன்றும், பிறகு சென்னையிலிருந்து வந்த புது ஜாக்கெட்டும் பீரோவுக்குள் போயின. சாவி ஜெயமேரியின் இடுப்பில்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த ஒன்றுக்கு மட்டும் பன்னிரண்டு பொட்டு விழுந்தது. சொர்ணாம்பாள் செம்பை அப்படியே கவிழ்த்து ஊற்றிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

“ஒண்ணும் ஆவலயே மேரி?”

“இன்னொரு செம்பு ஊத்துங்கக்கா” என்றார் ஜெயமேரி.