வில்மோருக்குப் போகும் எண்ணூறு மீட்டர்

யூகெத் மல்தேர் முப்பத்து நான்கு வருடம் சினை ஊசி போட்டவள். க்ரூஸ் மாவட்டத்தின் அந்த மூலையில், காளை செய்யவேண்டிய வேலையைச் சின்ன வெள்ளைக் காரில் வந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, கைகழுவ வெந்நீர் கேட்பாள். தன்னை உதைத்த மாடுகளையெல்லாம் மன்னித்திருந்தாள். மனிதர்களில் அவள் மன்னிக்காதது ஒருவனைத்தான். அவன் பெயர் ஆன்செல்ம் கூர்த்தியோ. ல போர்த் கிராமத்தில் அவள் வீட்டுக்கு மூன்றாவது வீடு.

விவகாரம் 1989-இல் தொடங்கியது. அந்த வருடம் கூர்த்தியோவின் ஆறு மாடுகள் சினை பிடிக்கவில்லை. "பொம்பளை போட்ட ஊசி எப்படிப் பிடிக்கும்?" என்று அவன் சந்தையில் சொன்னான். மறுநாள் காபிக்கடையில், பதினைந்து பேர் கேட்க, யூகெத் பதில் சொன்னாள்: "பருவம் வந்த மாடு திங்கக்கிழமை கத்தும். ஆன்செல்ம் காதுல புதன்கிழமைதான் விழும். அதுக்கு நான் என்ன ஊசி போட?" அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதுதான் அவள் செய்த தப்பு.

கூர்த்தியோ ஒரு பொலிகாளையை வாங்கினான். காளைக்கு மேய இடம் வேண்டுமென்று, ல போர்த்துக்கும் பக்கத்து ஊர் வில்மோருக்கும் நடுவில் இருந்த பழைய வண்டித்தடத்தின் இரண்டு பக்கமும் இருந்த தன் நிலங்களை ஒன்றாக்கி, தடத்தின் குறுக்கே முள்கம்பி இழுத்தான். எண்ணூறு மீட்டர் சரளைப் பாதை. ஊருக்குச் சொந்தமான புறம்போக்கு. அன்றிலிருந்து யூகெத் வில்மோரின் மாடுகளுக்குத் தார்ச்சாலையில் ஏழு கிலோமீட்டர் சுற்றிப்போனாள். பருவத்துக்கு வந்த மாடு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தாமதமாகப் போய்ச் சேர்ந்த நாட்களில் பேர் கெட்டது அவளுக்குத்தான்.

அவள் ஓய்வுபெற்ற 2012-ஆம் வருடம் ஹெச் எழுத்துக்குரியது. அந்நாட்டில் ஒரு வருடத்தில் பிறக்கும் கன்றுகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள். யூகெத் என்ற பெயரும் அவர்கள் எழுத்தில் ஹெச்சில்தான் தொடங்கும். கூர்த்தியோ ஒரு நோஞ்சான் கிடாரிக்கு யூகெத் என்று பெயர் வைத்து, அது சினை பிடிக்காது என்று அப்போதே ஆரூடமும் சொன்னான். ஊர் சிரித்தது. யூகெத்தும் சிரித்தாள், அவளுக்கு அவசரமில்லை.

ஆனால் 2019 பிறந்தபோது அவசரம் வந்தது. முப்பது வருடம் யாரும் கேள்வி கேட்காமல் வேலிபோட்டு அனுபவித்தால், அனுபோக பாத்தியதை என்று சொல்லி, ஊர்ப்பாதை ஒருவன் சொத்தாகிவிடும். கூர்த்தியோ வேலி போட்டது 1989 நவம்பர் முதல் வாரம். இந்த நவம்பருக்குள் பாதை திறக்காவிட்டால் அது என்றைக்கும் அவனுடையது. அவள் மேயரிடம் போனாள்.

"யூகெத், அந்தப் பக்கம் யாரு போறா?" என்றார் மேயர். அவர் கூர்த்தியோவோடு வேட்டைக்குப் போகிறவர். "பாதைன்னா போறதுக்கு ஆளு வேணும்ல?"

"ஆளு வந்தா?"

"வந்தா பாக்கலாம்."

ஆள் மே மாதத்தில் சைக்கிளில் வந்தது. எஸ்தெல் வெர்னே லிமோஜ் நகரத்தில் பள்ளி ஆசிரியை. ரேஸ் சைக்கிள்போல வளைந்த கைப்பிடியும் மண்ணுக்கான தடித்த டயரும் வைத்த வண்டி. கார் எதிர்ப்படாத கிராமத்துத் தடங்களைத் தேடித்தேடி ஓட்டி, வழியைப் பதிவு செய்து இணையத்தில் போடுவது அவளுக்கு விடுமுறை வேலை. தண்ணீர் கேட்டு யூகெத்தின் கதவைத் தட்டினாள்.

"எங்க மேப்ல இங்கிருந்து வில்மோருக்கு ஒரு புள்ளிக்கோடு இருக்கு அம்மா. போனா முள்கம்பி நிக்குது. அதுக்குள்ள பாதை இருக்கா?"

யூகெத் தண்ணீரை வைத்துவிட்டு ஒயின் பாட்டிலை எடுத்தாள். உருளைக்கிழங்கை மாவில் பொதிந்து சுட்ட பண்டம் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. அதிலும் ஒரு பெரிய துண்டு வெட்டினாள்.

"இருக்கு. ரெண்டு பக்கமும் செஸ்நட் மரம். அடியில நல்ல சரளை. மழை பேஞ்சாலும் சேறு நிக்காது. இந்த ஜில்லாவுல அதுமாதிரி இன்னொண்ணு கிடையாது."

"அப்ப வேலி?"

"வேலி இருக்கு. வேலிக்குக் காகிதம் இல்ல. நீ எத்தனை பேரைக் கூட்டிட்டு வர முடியும்?"

எஸ்தெலின் குழுவிலிருந்து மேயருக்குக் கடிதங்கள் வந்தன. பாரிசிலிருந்து, தூலூசிலிருந்து, பெல்ஜியத்திலிருந்துகூட. ல போர்த் என்று ஓர் ஊர் இருப்பது இத்தனை பேருக்குத் தெரியும் என்பதில் மேயருக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் எரிச்சல். வேறு வழியில்லாமல் கூர்த்தியோவுக்குப் பதிவுத் தபால் போனது: வேலியைத் திறந்து இரண்டு முனையிலும் கேட் வைக்கவும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள் வருவார்கள், மேயரே நேரில் பார்ப்பார். ஆட்கள் முழுசாகக் கடந்துபோனால் அது ஊர்ப்பாதை. போக முடியாமல் திரும்பினால், பாதை பயனில்லாதது என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்.

கூர்த்தியோ கேட் வைத்தான். காளையை மட்டும் எடுக்கவில்லை. "தபால்ல வேலியைப் பத்திதான் எழுதியிருக்கு. மார்க்கியைப் பத்தி ஒரு வரி இல்லையே" என்று காபிக்கடையில் சொன்னான். மார்க்கி அவனுடைய இப்போதைய காளை, ஆயிரத்து முந்நூறு கிலோ. பழுப்புநிறம். நின்ற இடத்தில் நிற்பதை ஒரு தொழிலாகவே செய்யும்.

எஸ்தெல் தொலைபேசியில் பயந்தாள். "எட்டாந்தேதி வெச்சிருக்கோம். காளை இருக்குன்னு சொல்றாங்களே."

"எட்டு வேண்டாம். பதினஞ்சு வை."

"மழையா?"

"பதினஞ்சு வை கண்ணு. காலைல பத்து மணிக்கு."

அன்று மாலை யூகெத், ஏழு கிலோமீட்டர் சுற்றி, வில்மோரின் லெயோன்ஸைப் பார்க்கப் போனாள். லெயோன்ஸ் தனிக்கட்டை, பத்து மாட்டுக்காரர். அவருடைய மேய்ச்சல் நிலம் கூர்த்தியோவின் நிலத்து மேல்மூலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவரிடம் ஒரு கிடாரி ஆகஸ்ட் நான்காம் தேதி கத்தியது, இருபத்தைந்தாம் தேதி மறுபடி கத்தியது. இருபத்தொரு நாள் கணக்கு தவறாத கிடாரி என்று அவரே யூகெத்திடம் முன்பு சொல்லியிருந்தார்.

"அடுத்து பதினஞ்சாந்தேதி கத்தும்போது ஊசிக்கு ஆள் கூப்பிடாத. கயிறு கட்டி மேல்மூலைக்குக் கொண்டுவா."

லெயோன்ஸின் தோள் சிரிப்பில் குலுங்கியது. "நீ நல்ல பொம்பளை இல்ல யூகெத்."

"வேலி உறுதியா இருக்கான்னு மட்டும் பாரு."

பதினைந்தாம் தேதி அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். வண்ணவண்ணச் சட்டைகள், முழங்கால்வரை புழுதி. கேட்டுக்கு உள்ளே, பாதையின் நட்டநடுவில் மார்க்கி நின்றது. கேட் தூணில் சாய்ந்தபடி கூர்த்தியோ வால்நட் உடைத்துத் தின்றுகொண்டிருந்தான். மேயர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"வாங்க வாங்க, தாராளமா போங்க" என்றான் கூர்த்தியோ. "பாதை திறந்துதான் இருக்கு. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

யாரும் நகரவில்லை. இரண்டு பேர் சைக்கிளைத் திருப்பவே தொடங்கினார்கள். மேயர் ஏதோ எழுத ஆரம்பித்தார். யூகெத் அவர் பேனாவைப் பார்த்தாள், மேல்மூலையைப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. மாடு நாள் தவறிவிட்டால்? அவள் வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்ன கணக்கு அது.

அப்போது மேலேயிருந்து ஒரு கத்தல் வந்தது. நீளமாக, வெட்கமே இல்லாமல். லெயோன்ஸ் கயிற்றைப் பிடித்தபடி வேலிக்கு அந்தப் பக்கம் தோன்றினார்.

மார்க்கி தலையைத் தூக்கியது. மூக்கைக் காற்றில் நீட்டி மேலுதட்டைச் சுருட்டியது. பிறகு ஆயிரத்து முந்நூறு கிலோவும் ஓட்டமும் நடையுமாக மேல்மூலைக்குக் கிளம்பியது.

"மார்க்கி. டேய் மார்க்கி. இங்க வாடா."

"கத்தாத ஆன்செல்ம்" என்றாள் யூகெத். "இந்தத் தடவை உன் காதுல சரியான நாள்ல விழுந்திருக்கு."

எஸ்தெல் முதலில் மிதித்தாள். பின்னால் சரளை நெரிபட எல்லோரும். அந்த ஜனங்களுக்கு ஒரு வழக்கம்: பாதையில் யாரைக் கண்டாலும் வணக்கம் சொல்லாமல் போகமாட்டார்கள். கூர்த்தியோவுக்கும் ஒரு வழக்கம்: கிராமத்தில் பிறந்தவன், சொன்ன வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அறுபத்திரண்டு வணக்கம். ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வணக்கம். நாற்பதுக்குமேல் குரல் கம்மிவிட்டது. மேயர், கடைசி ஆள் அந்தப் பக்கத்துக் கேட்டைத் தாண்டியதும், எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதி, மணியும் குறித்து, கையெழுத்துப் போட்டார். கூர்த்தியோ மேயரின் நோட்டைப் பார்க்கவேயில்லை. மேல்மூலையில் வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்ற தன் காளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் போனபிறகு யூகெத் கிளம்பினாள். வில்மோரில் அவளுக்கு எந்த வேலையும் இல்லை. கேட்டைத் திறந்தாள், உள்ளே வந்தாள், மாடு வளர்க்கிறவர்கள் குறை சொல்ல முடியாதபடி கேட்டை ஒழுங்காகச் சாத்திக் கொக்கி மாட்டினாள். கூர்த்தியோ தூணருகே நின்றான். பழக்கதோஷத்தில், அறுபத்து மூன்றாவது வணக்கத்துக்காக அவன் வாய் பாதி திறந்திருந்தது.

அவள் சொல்லவில்லை. அவனை ஒரு தூணைத் தாண்டுவதுபோலத் தாண்டி, செஸ்நட் நிழலில், எண்ணூறு மீட்டரையும் நடந்தே போனாள்.