யாரும் கத்தவில்லை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இதைப் பொய் என்று யாராவது நிரூபித்தால் எனக்கு நிம்மதி. ஆனால் நடந்தது. அந்தக் கம்பளிக் கோட்டு இன்னும் என் அலமாரியில் தொங்குகிறது.

படிப்பைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைத்த வேலை அது. உறைந்த மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கும் கிடங்கு. கீழே மூன்று குளிர் அறைகள். மாடியில் சர்வர் அறை. அங்கே இரவு முழுக்க நான் ஒருவன். அன்றைக்கு முதல் முறையாக ஒரு விர்ச்சுவல் மெஷின் அமைக்கச் சொல்லியிருந்தார்கள். விடிவதற்குள் முடிக்காவிட்டால் வேலை போகும்.

சர்வர் ஒரு பெரிய வீடு என்றால், விர்ச்சுவல் மெஷின்கள் அதில் குடியிருப்பவர்கள். ஒவ்வொருவரும் தனக்கென்று தனி வீடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். புதியவருக்கு இடம் ஒதுக்கப் போனேன். மெமரி மீதி இல்லை. பெயரே இல்லாத ஒரு பழைய மெஷின் மட்டும் சும்மா ஓடுவது போலத் தெரிந்தது.

சீனியர் அக்காவுக்கு போன் போட்டேன்.

“அது என்னதுன்னு யாருக்குமே தெரியாதுடா. ஆஃப் பண்ணு. யாரு கத்துறாங்கன்னு பாரு. கத்தினா திரும்ப ஆன் பண்ணிக்கலாம்.”

எங்கள் தொழிலில் இது வழக்கம்தான்.

அப்போது குல்லா அண்ணன் உள்ளே வந்தார். குளிர் அறைகளில் பெட்டி அடுக்குபவர். குளிக்கும்போதும் குல்லாவைக் கழற்ற மாட்டார் என்று கிண்டல் செய்வோம். நான் நடுங்குவதைப் பார்த்துச் சிரித்தார்.

“கம்ப்யூட்டருக்கு ஏசி போட்டு உன்னையும் சேத்து உறைய வைக்கிறாங்களா? இந்தா, என் கோட்டப் போட்டுக்க.”

“உங்களுக்குண்ணே?”

“மூணாம் ரூம்ல ரெண்டே பெட்டி. போனேன் வந்தேன்னு முடிச்சிடுவேன். கோட்டு பத்திரம் தம்பி, சொத்துன்னு அது ஒண்ணுதான் இருக்கு.”

அவர் படியிறங்கினார். நான் பெயரில்லாத மெஷினை அணைத்தேன். மணி 11:10.

பத்து நிமிடம் காத்திருந்தேன். யாரும் கத்தவில்லை.

அதன் மெமரியைப் புதியதற்குக் கொடுத்தேன். இன்ஸ்டால் ஓடத் தொடங்கியது. கோட்டு கதகதப்பாக இருந்தது. தூங்கிவிட்டேன்.

2:05.

டிங்.

ஸ்பீக்கரில் ஒரு மணிச் சத்தம். விழித்தேன். புதிய மெஷின் தனக்கு ஒரு பெயர் கேட்டு நின்றிருந்தது. பெயர்க் கட்டத்தில் ஏற்கெனவே ஏதோ இருந்தது... 3.

அழித்தேன்.

டிங். மறுபடியும் 3.

கீபோர்டைக் கழற்றினேன்.

டிங். 33.

அந்த மெஷினுக்கு நான் இன்னும் நெட்வொர்க்கே கொடுக்கவில்லை. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர வழியில்லை.

அக்காவுக்கு மறுபடி போன்.

“என்னமோ மணி அடிக்குதுக்கா...”

“என் தூக்கத்தக் கெடுக்காதடா. மியூட் பண்ணிட்டு வேலையப் பாரு.”

மியூட் செய்தேன்.

டிங்...

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன்.

டிங்...

இடைவெளி கூடிக்கொண்டே போனது. கை ஓய்ந்துபோன யாரோ அடிப்பது போல.

333.

என் மேல் இருந்த கோட்டைப் பார்த்தேன்.

மூணாம் ரூம்.

ஓடினேன்.

கதவின் உள்பக்கத் தாழ்ப்பாள் பனியில் இறுகியிருந்தது. வெளியிலிருந்து இழுத்ததும் திறந்தது. அண்ணன் அவசர மணிப் பொத்தானுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தலையில் குல்லா இல்லை. விரல் விறைக்காமல் பொத்தானை அழுத்த, குல்லாவை வலது கையில் சுற்றியிருந்தார்.

அந்தப் பொத்தானை அழுத்தினால் வாசலில் வாட்ச்மேன் மேசையில் மணி அடிக்க வேண்டும். அந்த மணியை அங்கே கொண்டுசேர்ப்பது எந்த மெஷின் என்று காலையில்தான் தெரிந்தது. பெயரில்லாத மெஷின்.

விசாரணையில் கேட்டார்கள்.

“ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

“இல்ல சார்.”

அந்த வாரமே வேலையை விட்டேன். கோட்டைக் கொடுக்க அவர் வீட்டுக்கு இரண்டு தடவை போய், வாசலோடு திரும்பிவிட்டேன்.

முதல் மணிக்கே ஓடியிருந்தால் பிழைத்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, அவர் உடலைப் பரிசோதித்த டாக்டர் சொன்னது காதுக்கு வந்தது.

அண்ணன் உயிர் போனது ஒன்றரை மணிக்கு முன்பே.

என்னைக் கூப்பிட்டது 2:05க்கு.