ஒடெசா ப்ரூயிட் தட்டிய நான்கு வாக்கியங்கள்

அறுபத்து மூன்று வயதில் ஒடெசா ப்ரூயிட்டுக்கு விரல் மூட்டு வலித்தது, கழுத்து வலித்தது, அடுத்தவர் பேச்சைக் கேட்பதென்றாலே ஒரு சலிப்பு வந்துவிட்டது. ஆனால் அதுதான் அவள் வேலை. மேரிலாண்டில் ஒரு நீதிமன்றத்தில் பதினான்கு வருஷம் சுருக்கெழுத்து இயந்திரத்தில் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டினாள். பிறகு வாஷிங்டனில், டூபான்ட் சர்க்கிளிலிருந்து நாலு தெரு தள்ளியிருந்த ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தில் இருபத்து நான்கு வருஷம்.

மேடைக்கு வலப்பக்கம் ஒரு சின்ன மேஜை அவளுக்கு. வல்லுநர்கள் பேசப்பேச அவள் தட்டுவாள். இரண்டு விநாடியில் அந்தப் பேச்சு திரையில் எழுத்தாக ஓடும். கூட்டம் முடிந்ததும் ஒலிப்பதிவோடு ஒத்துப் பார்த்துத் திருத்தி, முழு உரையையும் நிறுவனத்தின் இணையதளத்தில் ஏற்றுவார்கள். கடைசி வரியில் 'சொன்னது சொன்னபடி பதிவு செய்தவர்: ஒடெசா ப்ரூயிட்' என்று இருக்கும். அந்த ஒரு வரியை வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியவள் அவள்தான். நீதிமன்றப் பழக்கம்.

திங்கள்கிழமை சீனா, செவ்வாய்க்கிழமை மருத்துவக் காப்பீடு, புதன்கிழமை மேற்காசியா, வியாழக்கிழமை வீட்டு வாடகை. எல்லாப் பிரச்சினையும் 'இதுவரை காணாத நெருக்கடி'யாகத்தான் இருக்கும். எல்லாக் கூட்டமும் 'இந்த உரையாடல் தொடர வேண்டும்' என்றுதான் முடியும். உக்ரைனில் ஒடெசா என்று ஒரு துறைமுக நகரம் இருப்பதால், அந்த நாட்டைப் பற்றிப் பேசுகிற நாட்களில் மேடையில் அவள் பெயர் அடிக்கடி அடிபடும். முதல் சில மாதம் தலை தானாக நிமிர்ந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

சாயங்காலம் ஹயட்ஸ்வில்லில் வீட்டுக்குள் நுழைந்தால் அவள் கணவர் லியான், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நாற்காலியில் இருந்தபடியே கேட்பார்:

"இன்னிக்கு எந்த நாட்டைக் காப்பாத்தினாங்க?"

"ஒண்ணையும் இல்ல. சாண்ட்விச்தான் தீர்ந்துபோச்சு."

"அப்போ நல்லாத்தான் நடந்திருக்கு."

அந்த மார்ச் மாதத்துக் கூட்டமும் அப்படித்தான் தொடங்கியது. தலைப்பு, இருபது வருஷப் போர்கள் அமெரிக்காவுக்குக் கற்றுத்தந்தது என்ன என்பது. நான்கு பேர் மேடையில். அதில் ஒருவர் வார்ட் லிண்ட்ஹோம். எழுபத்து நான்கு வயது. அரசாங்கத்தில் ஆப்கானிஸ்தான் புனரமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர். பதவி போன பிறகு அதே விஷயத்துக்கு வல்லுநராகிவிட்டார். ஒடெசா அவர் பேச்சை அறுபது தடவையாவது தட்டியிருப்பாள். அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த வார்த்தைக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றுவார் என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும்.

அன்று அவர் முகம் சரியில்லை. மற்ற மூவரும் பேசும்போது தண்ணீர் பாட்டிலின் லேபிளைக் கிழித்துக்கொண்டே இருந்தார்.

கேள்வி நேரம் வந்தது. ஹெர்ஷல் லாண்டவ் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். நகரத்தில் எங்கே இலவசக் கருத்தரங்கு நடந்தாலும் இரண்டாவது வரிசையில் இருப்பார். எப்போதும் அவர் கேள்வி கேள்வியாக இருக்காது, குட்டிப் பிரசங்கமாக இருக்கும். நெறியாளர் முன்கூட்டியே கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் அன்று லாண்டவ் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"மிஸ்டர் லிண்ட்ஹோம், பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால இதே மேடையில உக்காந்து ஆப்கானிஸ்தான்ல ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடம் கட்டிட்டோம், நல்ல முன்னேற்றம்னு சொன்னீங்க. அன்னிக்கு நீங்க அதை நம்பினீங்களா?"

லிண்ட்ஹோம் கண்ணாடியைக் கழற்றினார். ஒடெசாவின் விரல்கள் அவருடைய வழக்கமான பதிலுக்குத் தயாராகிவிட்டன. அவர் வேறொன்றைச் சொன்னார்.

"இல்லை, நம்பலை. ரெண்டாவது வருஷமே அந்தப் பள்ளிக்கூடங்கள்ல பிள்ளைங்க இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். நாங்க கட்டடத்தைத்தான் எண்ணினோம். அதை என் அறிக்கையில எழுதினேன், அப்புறம் நானே அந்தப் பக்கத்தை எடுத்துட்டேன்."

அவள் தட்டினாள். திரையில் நான்கு வாக்கியங்களும் வந்து நின்றன. அரங்கில் யாரோ இருமினார்கள். நெறியாளர், "நன்றி வார்ட். இன்னும் ஒரு கேள்விக்கு நேரம் இருக்கு" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்டாள். கூட்டம் முடிந்தது.

மறுநாள் காலை ப்ரென்னா ஒடெசாவின் அறைக்கு வந்தாள். நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான பெண். முப்பது வயது இருக்கும். எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பாள். ஒடெசாவை மரியாதைக்கு 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"மிஸ் ஒடெசா, நேத்து ஒலிப்பதிவு பாதியிலயே நின்னுபோச்சு, தெரியுமா? ரெண்டு பத்துக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லை. வீடியோவும் அப்படித்தான்."

"என்கிட்ட முழுசா இருக்கும்மா."

"அதுதான்…" ப்ரென்னா கதவைச் சாத்தினாள். "வார்ட் போன் பண்ணினார். கேள்வி நேரத்துல சொன்னதைக் கொஞ்சம் தெளிவுபடுத்தணுமாம். 'அளவுகோல்கள் முழுமையாக இல்லை என்பது இப்போது தெரிகிறது.' அவ்வளவுதான், ஒரே வரி."

"அவர் அதைச் சொல்லலையே."

"பேச்சாளர்கள் திருத்துறது வழக்கம்தானே, மிஸ் ஒடெசா?"

"இலக்கணத்தைத் திருத்துவாங்க. வருஷத்தை மாத்திச் சொல்லியிருந்தா திருத்துவாங்க. இது அது இல்லை."

"அப்போ 'சரியாகக் கேட்கவில்லை'ன்னு போட்டுடலாமா? ஒலிப்பதிவுதான் இல்லையே."

"எனக்கு நல்லா கேட்டுச்சே."

ப்ரென்னா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கெட்டவள் இல்லை. அவளுக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே ஒரு குழு இருந்தது. அந்தக் குழுவில் லிண்ட்ஹோமின் பழைய நண்பர்கள் இருந்தார்கள். "நீங்களே அவர்கிட்ட பேசிடுங்க. என்னால இதுக்கு நடுவுல நிக்க முடியலை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று ஒடெசா வீட்டுக்குப் போய் லியானிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு வரியை மாத்தினா என்ன குறைஞ்சுபோகும்? ரிட்டயராக இன்னும் ஒண்ணரை வருஷம்தான் உனக்கு" என்றார் அவர்.

"அதேதான் நானும் ரயில்ல யோசிச்சேன்."

"யோசிச்சு?"

"இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுட்டேன். அதுதான் மிச்சம்."

லியான் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அவளுக்காக அடுப்பில் வைத்திருந்த பீன்ஸைச் சூடாக்கினார்.

இரண்டு நாள் கழித்து லிண்ட்ஹோமே வந்தார். ஒடெசா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை.

"மிஸஸ் ப்ரூயிட், உக்காரலாமா?"

"உக்காருங்க."

உட்கார்ந்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு ரொம்பக் களைப்பா இருந்தேன்" என்றார். "ராத்திரி தூக்கமில்லை. எதுக்கு அப்படிச் சொன்னேன்னே தெரியலை."

"நானும் களைப்பாத்தான் இருந்தேன். ஆனா சரியாத்தான் தட்டியிருக்கேன்."

"சரியாத்தான் தட்டியிருக்கீங்க. தப்பா தட்டினீங்கன்னு நான் சொல்லவே இல்லையே."

அவர் பொய் சொல்லாததே அவளுக்குப் போதுமாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"நீங்க முன்னேற்றம்னு சொன்ன அன்னிக்கும் நான்தான் தட்டினேன்" என்றாள். "அந்த உரை இன்னும் இணையதளத்துல இருக்கு. அதைத் திருத்தணும்னு யாரும் வந்து என் முன்னால உக்காரலை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோர்ட்டுல நீதிபதியே 'இதை நீக்குங்க'ன்னு சொல்லுவார். நாங்க நீக்க மாட்டோம். நீக்கச் சொன்னார்னு அதையும் சேர்த்துத் தட்டுவோம். எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான் சார். நீங்க வேணும்னா கீழே உங்க பேர்ல ஒரு குறிப்பு எழுதுங்க, நான் சேர்க்கிறேன். இல்லை, மாத்தித்தான் ஆகணும்னா ப்ரென்னா மாத்தட்டும். என் பேரை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ காபி இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது. லிண்ட்ஹோம் கோட்டின் ஒரு பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"என் மகள் அதைப் படிப்பா" என்றார்.

"படிக்கட்டும்."

"உங்களுக்குச் சுலபமா இருக்கு."

"எனக்கா? சார், இருபத்து நாலு வருஷமா உங்க எல்லார் பேச்சும் என் விரல் வழியாத்தான் போகுது. நான் எதையும் நம்பினதுமில்லை, நம்பாம இருந்ததுமில்லை. அன்னிக்கு உங்க நாலு வாக்கியத்தைத் தட்டும்போதுதான் கேட்டேன். முதல் தடவையா காது கொடுத்துக் கேட்டேன்."

அவர் எழுந்தார். கோட்டைப் போட்டுக்கொள்ள நேரம் எடுத்தது. ஒரு கை உள்ளே போக மறுத்தது. ஒடெசா எழுந்து அதைப் பிடித்துக்கொடுத்தாள்.

"அப்படியே இருக்கட்டும். குறிப்பு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

உரை இணையதளத்தில் ஏறியது. அன்று முழுக்க ஒடெசா தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், மேலிடம் கூப்பிட்டனுப்பும், ப்ரென்னா அழுவாள் என்றெல்லாம் நினைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ப்ரென்னா கணினியைப் பார்த்துச் சொன்னாள்: "நாப்பத்தோரு பேர் திறந்து பார்த்திருக்காங்க, மிஸ் ஒடெசா. அதுல பாதி நாமதான்." லாண்டவ்கூட அதைப் பற்றிப் பேசவில்லை, அவர் இப்போது கடல்வழிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏப்ரலில் லிண்ட்ஹோம் இன்னொரு மேடைக்கு வந்தார். நெறியாளர் அதே பழைய அறிமுகத்தை அதே வரிசையில் வாசித்தார். லிண்ட்ஹோம் குறைவாகப் பேசினார். போகும்போது அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

கோபம் வந்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு அலுப்புதான் வந்தது. "ஒரு மனுஷன் அத்தனை பேர் முன்னால நெஞ்சைத் திறந்து காட்டினார், ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கலை" என்றாள் லியானிடம். "நீ பார்த்தேல்ல" என்றார் அவர்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை தொலைபேசி அடித்தது. இண்டியானாவிலிருந்து ஒரு ஆள். பெயர் ரெக்ஸ் ஹோல்கம். கட்டடப் பொறியாளராக இருந்தவராம். இப்போது மரக்கடை வைத்திருக்கிறாராம்.

"உரையோட அடியில உங்க பேர் இருந்துது. அதனால கூப்பிட்டேன். லிண்ட்ஹோம் அப்படியே சொன்னாரா? இதே வார்த்தையிலயா?"

"இதே வார்த்தையிலதான்."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்தப் பள்ளிக்கூடங்களைப் போய்ப் பார்த்துட்டு வந்தவன் நான்" என்றார் அவர். "முப்பத்தேழு கட்டடம். பாதியில ஆடு கட்டியிருந்தாங்க, மீதியில பூட்டு. அதைத்தான் எழுதி அனுப்பினேன். அவர் எடுத்துட்டதாச் சொல்றாரே, அந்தப் பக்கம் நான் எழுதி அனுப்பினதை வெச்சு எழுதினதாத்தான் இருக்கணும். எனக்கு மனப்பக்குவம் போதாதுன்னு சொல்லி ஊருக்கு அனுப்பிட்டாங்க. என் பெண்டாட்டி சாகிறவரைக்கும், நான் அங்கே ஏதோ தப்பு பண்ணிட்டு வந்துட்டேன்னுதான் நினைச்சிட்டிருந்தா. நானும் அப்படியே விட்டுட்டேன். எத்தனை தடவைதான் சொல்றது?"

ஆறுதல் சொல்வது ஒடெசாவின் வேலையாக இருந்ததே இல்லை.

"கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். "கோர்ட்டுல கொடுப்போமே, அந்த மாதிரி. முத்திரை என்கிட்ட இருக்கு."

"முடியுமா?"

"முடியும். விலாசம் சொல்லுங்க. எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். அன்று மதியமே உரையின் பதினெட்டுப் பக்கங்களையும் அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டாள். கடைசிப் பக்கத்தில் பழைய முத்திரையை அழுத்தும்போது விரல் மூட்டு சுரீரென்றது. பெரிய உறையில் போட்டு, தானே தபாலாபீசுக்கு நடந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஆறு பேர். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

பதினைந்து நாளில் ஒரு அட்டை வந்தது. 'கிடைத்தது. மகனிடம் படிக்கக் கொடுத்திருக்கிறேன்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அடுத்த வருஷம் நிறுவனம் பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருளை வாங்கியது. ஒடெசாவுக்கு கேக் வெட்டி, கைதட்டி, வழியனுப்பினார்கள். கடைசி நாள் காலை கூட்டம் ஒன்று இருந்தது. கூட்டாட்சிக் கடனைப் பற்றி. ஒன்றரை மணி நேரம். நான்கு வல்லுநர்களும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டார்கள். அவள் ஒரு சொல் விடாமல் தட்டி முடித்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அரங்கம் காலியாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.