மகளின் பைக்குள் நான் ஒளித்த புத்தகம்

நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடக் காதல் கதை வாசிக்கிறவள் நான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஊரில் நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, போரில் எங்கள் பள்ளிக்கூடத்தின் மேல் ஷெல் குண்டு விழுந்தது. இந்தக் கதைகளிலோ, ஒருத்தன் பேசாமல் போவதுதான் பள்ளிக்கூடத்தில் நடக்கிற ஆகப் பெரிய துயரம். அதற்காகவே வாசித்தேன்.

நாடுவிட்டு வந்து குடியேறிய ஹரோவில், மகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும்போது வாசிப்பேன். வீட்டுக்கு வரும்போது புத்தகத்தை அவளுடைய பைக்குள் ஒளித்துவிடுவேன். என் கைப்பையைக் கணவர் கிளறுவார். பிள்ளையின் பையைத் தொடமாட்டார்.

ஒருநாள் தொட்டார். அட்டையில் ஒரு பெடியனும் பெட்டையும் முத்தமிட்டபடி நின்றார்கள்.

"இது ஆரின்ர புத்தகம்?"

பதினான்கு வயது மகள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"என்ர, அப்பா."

அவர் அறைந்த வேகத்தில் அவள் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. புத்தகத்தை இரண்டாகக் கிழித்து முகத்தில் எறிந்துவிட்டு, மறுபடியும் அறைந்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

அவர் வெளியே போனதும் அவள் உதட்டில் ஐஸ் வைத்தபடி கேட்டேன்: "உன்ர இல்லையெண்டு ஏனம்மா சொல்லேல்லை?"

"எனக்கெண்டா ரெண்டு அடியோட விடுவார், அம்மா. உங்களுக்கெண்டா விடமாட்டார்."

கதவைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டுத்தான் அவர் என்னை அடிப்பார். நானும் வாயைப் பொத்திக்கொள்வேன். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

அவரை விட்டு வந்து, இப்போது லூயிஷாமில் நானும் மகளும் மட்டும். புத்தகங்கள் மேசையில் பகிரங்கமாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பும்போது என் கண் அவளுடைய உதட்டுத் தழும்புக்குப் போய்விட்டுத்தான் திரும்புகிறது.